பூட்டிய பீரோவில் எட்டு மிட்டாய்கள்

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலை முதல் மழை. திருமயம் வட்டாட்சியர் அலுவலக வாசலில் என் மேசைக்கு மேலுள்ள தார்ப்பாயில் இரண்டு இடங்களில் ஒழுகல். எழுதிய மனுக்கள் நான்கு: பட்டா மாறுதல் இரண்டு, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று. தாளில் ஈரம் ஏறி மை பரவல்.

மாலையில் மகள் நிறைமதி பள்ளியிலிருந்து வெறும் பையுடன் வந்தாள். வகுப்பாசிரியை அவளுடைய மிட்டாய்ப் பொட்டலத்தைப் பறித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஆரஞ்சு மிட்டாய், எட்டு. (அந்த அம்மையார் இந்நோட்டில் இனி வ.ஆ. முழுச் சொல்லைச் செலவிட மனமில்லை.)

கைப்பேசியில் அவரை அழைத்தேன்.

"சக்கர நோயாளிப் புள்ளைக்கு மிட்டாயக் குடுத்து அனுப்புறீங்களே, ஒரு தாய் செய்யிற வேலையாங்க இது?"

பொறுமையாக விளக்கினேன். இது முதல் வகை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட நோய். இனிப்பைத் தின்றதால் வந்ததன்று. ஏழு வயதில், எவர் பிழையுமின்றி வந்தது. நாளொன்றுக்கு நான்கு ஊசி. ஊசிக்கேற்ற உணவு வயிற்றில் சேராவிட்டாலோ, பிள்ளை ஓடியாடினாலோ, இரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென இறங்கும். அக்கணமே இனிப்பு வாயில் விழவேண்டும். இல்லையேல் மயக்கம், வலிப்பு, அதற்கு மேலும்.

அவருடைய மாமியாருக்கும் சர்க்கரைதானாம். அவர் மிட்டாயைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லையாம்.

மாமியாருக்கு வயது எழுபது. வகை இரண்டு. இதைச் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். இரண்டு பட்டம் பெற்றவர். நான் எட்டாம் வகுப்பு. மீதமெல்லாம் கிளை நூலகத்தின் மர பெஞ்சில் நானாகக் கற்றது. எவர் படித்தவர் என்பதை இறைவன் தீர்மானிக்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. பால்காரர் வரவில்லை.

தலைமையாசிரியருக்கு (த.ஆ.) மனு, இரண்டு பக்கம். ஊருக்கெல்லாம் எழுதும் கை, சொந்தப் பிள்ளைக்கு எழுதியது இதுவே முதல் முறை. மூன்றாம் பத்தி திருப்தியாக அமைந்தது: "மேற்படி மிட்டாய்கள் தின்பண்டமல்ல, மருந்தென்பதையும், அவை என் மகளின் கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் இருத்தல் இன்றியமையாததென்பதையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொணர்கிறேன்." 'மேலான' என்ற சொல் அவருக்கு மிகை. வழக்கம் கருதி விட்டுவைத்தேன்.

நவம்பர் 12, புதன்

மனுவை நேரில் அளித்தேன். த.ஆ. முதல் வரியைப் பார்த்தார், கடைசி வரியைப் பார்த்தார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பாராட்டு. மிட்டாய் வரவில்லை. புதிய பொட்டலம் கொடுத்தனுப்பினால் அதுவும் பறிமுதலாம்.

நோய் வந்த இந்த மூன்றாண்டுகளில் எனக்கு வழங்கப்பட்ட மருத்துவ ஆலோசனைகள், பதிவுக்காக:

– பாகற்காய்ச் சாறு, வெறும் வயிற்றில். (மளிகைக்கடைக்காரர்.)

– கருவுற்றிருந்தபோது நான் மாம்பழம் அதிகம் தின்றதே காரணம். (பெயர் எழுதத் தகுதியற்ற உறவு.)

– பொன்னமராவதிப் பக்கம் ஒருவர் வேர் தருகிறார், ஊசியை நிறுத்திவிடலாம். (பேருந்தில் பக்கத்து இருக்கை.) ஊசியை நிறுத்தினால் பிள்ளை சில நாள்களில் பிணம் என்றேன். "அப்புடியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

– கணவரின் அண்ணன், இரண்டாம் வகைக்காரர், பத்தாண்டாக மாத்திரை: "ஊசி பழகிட்டா விடாதுத்தா. எம் மாத்திரையில பாதிய ஒடைச்சுக் குடுத்துப் பாரு." பாதி மாத்திரை! தாராள மனம். கணவர் சிங்கப்பூரிலிருந்து, அண்ணனிடம் மரியாதையாகப் பேசு என்கிறார். மரியாதையாகத்தான் பேசினேன். அவருக்குப் புரியாத அளவுக்கு மரியாதையாக.

நவம்பர் 13, வியாழன்

மழை விடுமுறை. நிறைமதி நாள் முழுவதும் என் கண் முன். மூன்று நாளில் முதல் முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். குழந்தைகள் நாளும் உலக நீரிழிவு நாளும் ஒரே தேதி. இரண்டையும் ஒரே பந்தலில் முடித்துக்கொண்டது பள்ளி. புதுக்கோட்டையிலிருந்து ஒரு சேவைச் சங்கத்தார், சால்வை, ஒலிபெருக்கி. பதாகையில் லட்டுப் படம், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

பெற்றோர் வரிசையில் நானும். வ.ஆ. நிறைமதியை மேடைக்கு அழைத்துச் சென்றார். பேச்சாளர் அவள் தோளில் கை வைத்தார்.

"இந்தப் பாப்பாவ எல்லாரும் பாத்துக்கங்க. மிட்டாய், ஐசுன்னு தின்னுக்கிட்டே இருந்தா நாளைக்கு ஒங்களுக்கும் இதே ஊசிதான்."

கைதட்டல். தட்டச் சொன்னால் எதற்கும் தட்டுவார்கள். அனைவருக்கும் லட்டு; இவளுக்கு மட்டும் கொய்யாப்பழம், காகிதத்தில் சுற்றி, தனியாக.

எழுந்து பேச வாயெடுத்தேன். அவள் மேடையிலிருந்தே வேண்டாமென்று தலையசைத்தாள். உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதக் கூசுகிறது.

வீடு திரும்புகையில் அவள்: "லட்டு குடுத்திருந்தா கணக்குப் பாத்து ஊசியக் கூடப் போட்டிருப்பேன்மா. கொய்யாவுலயும் சக்கர இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலையா?" சிரித்தாள். பழத்தைக் கோழிக்கு எறிந்தாள். பிறகு குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 17, திங்கள்

இன்று அடுக்கிக் கோர்வையாக எழுத இயலாது.

காலையில் இட்லி மூன்றில் ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறாள். ஊசி மூன்றுக்கும் சேர்த்துப் போட்டது. நான் தட்டைப் பார்க்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். பதினொரு மணிக்கு விளையாட்டு வகுப்பு.

பதினொன்றே முக்காலுக்கு த.ஆ.வின் அழைப்பு. பாப்பாவுக்குச் சுகமில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்றார். இனிப்பு கொடுத்தீர்களா என்று கேட்டேன். "டீச்சரு டிரெய்னிங் போயிருக்காங்க, பீரோச் சாவி அவங்ககிட்டல்ல இருக்கு." வேறு எதையாவது கொடுங்கள் என்று கத்தினேன். வட்டாட்சியர் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

ஆட்டோ. ஆறு கிலோமீட்டர். வழியெங்கும் பள்ளம், பள்ளமெங்கும் தண்ணீர்.

போய்ச் சேர்ந்தபோது சத்துணவுக்கூட வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சட்டை வியர்வையில் நனைந்து, மோவாயில் சீனி ஒட்டி. சோதித்தேன்: சீனி தின்ற பிறகும் எழுபத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்கு முன் எவ்வளவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

தோழிகள் சொல்லித் தெரிந்தது: கை நடுங்கியிருக்கிறது, வார்த்தை குழறியிருக்கிறது. த.ஆ. தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை ஏறியிருக்கும், வாயில் எதையும் வைக்காதே என்று மற்றொரு மேதை. பிள்ளை தானே எழுந்து, சுவரைப் பிடித்தபடி சத்துணவுக்கூடம் வரை நடந்து, சமையற்காரம்மாவிடம் சீனி கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள். பூட்டிய பீரோவைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். மேசைக்குப் போகவில்லை.

த.ஆ. வரச் சொல்லியிருந்தார். நேற்றைய நிகழ்வுக்கு வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்துச் சென்ற என் மடமை. என் மனு இன்னும் கண்ணாடிக்கு அடியிலேயே. அவருக்கு வேண்டியது ஓர் உறுதிமொழிக் கடிதம்: என் மகளுக்குப் பள்ளியில் எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பாகாது, இனிப்பும் ஊசியும் பள்ளிக்குக் கொண்டுவர மாட்டாள் என்று. தராவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, 'இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வசதியுள்ள' பள்ளியில் சேர்த்துவிடுவது நல்லதாம்.

"ஒங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே. நீங்களே அழகா எழுதிக் குடுத்துருங்கம்மா."

வேறு நடுநிலைப்பள்ளி எட்டு கிலோமீட்டர் தள்ளி. பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தொலைவு இருக்கட்டும், அங்குள்ள பீரோவில் மட்டும் பூட்டு இருக்காதா?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாளை எடுத்து வைத்தேன். 'பெறுநர்' வரை எழுதினேன். இறந்தவரின் நிலத்தை மூன்று பங்காக எழுதியிருக்கிறேன், கை நின்றதில்லை. இதற்கு நின்றுவிட்டது.

நவம்பர் 19, புதன்

வானம் வெளிறல். நல்ல புடவை உடுத்திக்கொண்டேன்.

த.ஆ.விடம் கூறியது, கூறியவாறே: "உறுதிமொழி தருவதற்கில்லை. மாற்றுச் சான்றிதழ் தருவதாயின், எக்காரணத்தால் வெளியேற்றுகிறீர்கள் என்பதைத் தங்கள் கைப்பட எழுதி, முத்திரையிட்டுத் தாருங்கள். நகலுடன் ஆட்சியர் அலுவலகம் செல்கிறேன்."

பேனாவைத் திறந்தார். மூடினார். வெளியேற்றுவதாக யார் சொன்னது, பிள்ளை பாட்டுக்குப் படிக்கட்டும் என்றார். மிட்டாய்? அது டீச்சரின் பொறுப்பாம். டீச்சருக்கு வெள்ளி வரை பயிற்சியாம். முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் மனிதருக்குச் சுற்றறிக்கை.

பின்பக்கம் சத்துணவுக்கூடம். சமையற்காரம்மா செல்லாயி, ஐம்பது வயதிருக்கும், புகையில் கண் கலங்கப் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். மூன்றாண்டில் நான் இவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. மனுவின் நகலை நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்தார், வாங்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கத்தா."

சரி, வாயால் விளக்கலாமென்று தொடங்கினேன். முதல் வகையென்பது யாதெனில், என்றேன்.

"அதெல்லாம் பாப்பா நேத்தே சொல்லிருச்சு. வேர்த்து நடுங்குனா மூணு மிட்டாய். கால் மணி கழிச்சும் அப்புடியே இருந்தா இன்னும் மூணு. நெனவு தப்பிட்டா வாயில ஒண்ணும் போடக்கூடாது, ஆம்புலன்சக் கூப்புட்டுட்டு ஒங்களுக்குப் போனு."

மேலே புளிப்பானைக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் சம்படத்தைக் காட்டினார். உள்ளே ஆரஞ்சு மிட்டாய்கள், ஒரு கை நிறைய. நேற்று வீட்டிலிருந்து நிறைமதியே கொண்டுவந்து வைத்ததாம். என்னிடம் சொல்லவில்லை.

த.ஆ. பார்த்துவிட்டால் உங்களுக்குத் தொல்லையாகாதா என்று கேட்டேன்.

"அவரு இங்கிட்டு எட்டிப் பாத்ததே இல்ல. புள்ள பசின்னா சோறு, நடுங்குனா மிட்டாய். குடுக்கத்தானே இங்கன இருக்கேன். இருங்க, பருப்பு அடிப் பிடிக்குது."

நன்றி என்னும் சொல்லுக்கு முன் வைக்க அடைமொழிகள் நான்கு ஆயத்தமாக வைத்திருந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.