இருபத்திரண்டு எட்டு தள்ளி

பாய்,

இன்று மகாளய அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடவில்லை. மாதம் முழுக்கக் காதைத் துளைக்கிற தெரு, இன்றைக்கு மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி கண்ணை மூடிக் கிடக்கிறது. காலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து, பரண்மேல் இருந்த தகரக் குழாயைத் திறந்தேன். நாம் போட்ட கபரஸ்தான் படத்தைச் சுருட்டி வைத்திருந்தேனே, அதே குழாய். படம் வெளியே வருவதற்கு முன்னால் உங்கள் வாசனை வந்துவிட்டது.

நீங்கள் காதில் செருகிக்கொள்ளும் அத்தர் பஞ்சு. சுண்டுவிரல் நுனி அளவு. படத்தின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது விழுந்ததோ தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றும் தெரியவில்லை. ஆளே போன பிறகு ஒரு பஞ்சுக்கு என்ன பிடிவாதம் பாருங்கள்.

நீங்கள் முதன்முதலில் அந்தப் பேச்சை எடுத்ததும் ஓர் அமாவாசை அன்றுதான். வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மாஸ்டர், ஒரு படம் போடணும்" என்றீர்கள். நான் டிசைன் வரைகிறவன். நீங்கள் ஜரிகை வியாபாரி. புது பார்டருக்குத்தான் கேட்கிறீர்கள் என்று பென்சிலை எடுத்தேன்.

"சேலைக்கு இல்லப்பா. கபரஸ்தானுக்கு."

வாலாஜாபாத் தாண்டி, பாலாற்றங்கரையில் உங்கள் அம்மா பிறந்த ஊர். உங்களுக்கு நாலு வயதாக இருக்கும்போது அங்கேதான் அவர் இறந்துபோனார், அங்கேயே அடக்கம். பிறகு அந்த ஊரில் இருந்த உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வேலூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். தொழுகைக்கு ஆள் இல்லை, அடக்கத்துக்கும் ஆள் இல்லை. கபரஸ்தானை வேலிகாத்தான் முள் மூடிவிட்டது. சும்மா கிடக்கிற இடம்தானே, ஜே.சி.பி. விட்டுச் சமன் செய்துவிடலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியதாம். யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று எழுதி, படம் போட்டுக் கொடுத்தால் தொட மாட்டோம் என்று சொன்னார்களாம்.

இதெல்லாம் நீங்கள் ஊருக்காகச் சொன்ன காரணம். உங்களுக்கான காரணத்தைச் சொல்ல ஒரு டீ தேவைப்பட்டது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "எங்க அம்மா எங்க இருக்குதுன்னு பாக்கணும் மாஸ்டர். எனக்கும் வயசாயிடுச்சு. தலைமாட்டுல வேணாம், பக்கத்துல கூட வேணாம். கால்மாட்டுல படுத்தா போதும். சொர்க்கம் அங்கதான் இருக்குதுன்னு சொல்றாங்க."

பென்சிலோடு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. எனக்கும் லீவு. முதல் பஸ்ஸில் போனால் வெயில் ஏறுவதற்குள் நாலு கபரையாவது முள்ளிலிருந்து மீட்கலாம். நீங்கள் அரிவாள், நான் நோட்டுப் புத்தகம். எழுத்து தேய்ந்துபோன கல்லில் என் வீட்டுக் கோலமாவைத் தூவி உள்ளங்கையால் தேய்த்தால், பள்ளத்தில் மாவு நின்று எழுத்து எழுந்து வரும். தமிழென்றால் நான் படிப்பேன். அரபி, உருது என்றால் நீங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பீர்கள். பாதிக் கல்லுக்கு எழுத்தே கிடையாது. இரண்டு கல் நட்டிருந்தால் ஆண், நடுவில் மூன்றாவது கல் இருந்தால் பெண் என்று அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

ஆடு மேய்க்கிற ஓர் அம்மா, நாம் போகும்போதெல்லாம் வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "இன்னாய்யா ரெண்டு பேரும் மாசாமாசம் வந்து தோண்டிக்கினு கீறீங்க? புதையலா?"

"ஆமாம்மா" என்றீர்கள், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "கெடச்சா ஒனக்கும் பங்கு."

"எனக்கு எதுக்குப்பா? நீயே வச்சிக்கோ" என்று அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். நீங்கள் சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் கிளிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

அந்த மதியங்களை இப்போது நினைத்தால் கனவு கண்டதுபோலத்தான் இருக்கிறது. வாசலில் இருந்து பார்த்தால் நேர் எதிரே, நடு மத்தியில் அந்தப் புளியமரம். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பாடு. என் அமாவாசைக்காக நீங்கள் கறியைத் தொடாமல் வீட்டில் எலுமிச்சைச் சாதம் கட்டச் சொல்லிக் கொண்டு வருவீர்கள். ஆற்று மணலிலிருந்து அனல் எழும்பி, தூரத்துத் தென்னைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசையும். சாப்பிட்டுவிட்டு நீங்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவீர்கள். சுற்றிலும் படுத்திருப்பவர்களோடு உங்களையும் சேர்த்து எண்ணிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கும். "எழுந்திருங்க பாய்" என்று காலைத் தட்டுவேன். "இரு மாஸ்டர், எடம் எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்" என்பீர்கள், கண்ணைத் திறக்காமலே.

எழுத்து இல்லாத கல்லுக்கு நான் நோட்டில் "பெயர் இல்லை" என்று எழுதியதற்கு அன்று என்ன கோபம் உங்களுக்கு! பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டீர்கள்.

"பேர் இல்லாம யாராவது இருப்பாங்களா? பேர் நமக்குத் தெரியலன்னு எழுதுங்க. அவங்களுக்கு இருந்துச்சு."

அன்றிலிருந்து அப்படியே எழுதினேன். பெண்களின் கபராக இருந்தால் கூடவே ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள்: யாரோ ஒருவருக்கு அம்மா.

உங்கள் அம்மாவைத் தேட நம்மிடம் இருந்தது ஒரே ஓர் அடையாளம். வீட்டில் கல் வாங்க வழியில்லாததால், அவர் மசாலா அரைத்த குழவியையே உங்கள் மாமா தலைமாட்டில் நட்டார். மாமாவின் தோள்மேல் உட்கார்ந்து நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான் ஞாபகம். ஒன்பதாவது அமாவாசையில், வலது பக்கம் முள் வேரை வெட்டும்போது, உங்களிடம் மாற்றி வாங்கியிருந்த அரிவாள் டங்கென்று இடித்தது. மண்ணைத் தள்ளினேன். கருப்பாக, வழவழவென்று, குழவி.

நீங்கள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்தீர்கள். உட்கார்ந்து அதைத் துண்டால் துடைத்துக் கன்னத்தை வைத்தீர்கள். "மாஸ்டர், மல்லி வாசனை வருது" என்றீர்கள். அறுபது வருட மழையில் ஊறிய கல்லில் என்ன மல்லி வாசனை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கும் வந்த மாதிரிதான் இருந்தது.

பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து, சேலைக்கு டிசைன் போடுகிற கட்டத்தாளில் படத்தை எழுதினேன். நடந்து அளந்த ஓர் எட்டுக்கு ஒரு கட்டம். வாசல் கீழே நடுவில், புளியமரம் மேலே நடுவில். உங்கள் அம்மாவுக்குச் சிவப்புக் கட்டம். அவர் கால்மாட்டில் ஒரு காலிக் கட்டம், உங்களுக்கு. இரண்டு பிரதி. ஒன்று ஊருக்கு, ஒன்று உங்கள் பீரோவுக்கு. பென்சிலில் போட்ட முதல் படம், அதே சிவப்புக் கட்டத்தோடு, என்னிடம். ஊரில் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள், ஜே.சி.பி. வரவில்லை. என் படத்தை எல்லாரும் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார்த்திகை மழையில் நீங்கள் போனீர்கள். நான் அப்போது மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூரில். உங்கள் மகன் அழுதுகொண்டே போன் செய்தான். "மாமா, அத்தா போய்ட்டாரு. எடம் உங்களுக்குத்தான் தெரியும்."

நான் பெருமையாகச் சொன்னேன் பாய். அந்த நேரத்திலும் பெருமை. "பீரோவுல நான் போட்ட படம் இருக்குது. செவப்புக் கட்டத்துக்குக் கீழ காலிக் கட்டம். கண்ணை மூடிக்கினு போலாம்."

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். நேரே கபரஸ்தான். வாசலில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. புது மண் மேடு இடது பக்கம் இருந்தது.

இடது பக்கம்! வலது பக்கத்துக்கு ஓடினேன். மழையில் தழைத்திருந்த முள்ளை விலக்கினேன். குழவி நனைந்துகொண்டு நின்றது. அதன் கால்மாட்டில் யாரும் இல்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்திருக்கும். நெய்கிறவர் கண்ணில் படுவது பின்பக்கம்தான். அதனால் ஓர் எழுத்தோ, திரும்பிப் பார்க்கும் மயிலோ வந்தால் இடவலம் மாற்றித்தான் வரைவேன். முப்பது வருடமாக அதே வேலை. நோட்டிலிருந்து கட்டத்தாளுக்கு ஏற்றும்போது கை தன் பாட்டுக்கு மொத்தக் கபரஸ்தானையும் திருப்பிப் போட்டுவிட்டது. வாசலும் மரமும் நடுவில் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. உங்களுக்கோ படமே தேவைப்படவில்லை. உங்கள் காலுக்கு வழி தெரியும்.

மழைநாள், அவசரம். படம் சொன்ன இடத்தில் மூன்று கல் நட்ட ஒரு பழைய கபர் இருந்திருக்கிறது. பெண்ணுடையது. குழவியை மண் மூடிவிட்டது என்று நினைத்து, அதன் கால்மாட்டில் உங்களை வைத்துவிட்டார்கள். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நான் அதைக் கெடுத்தேன். சேற்றில் உட்கார்ந்து, "பாவி, பாவி" என்று என் கையை நானே அடித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. ஒருநாள் அதைவிடக் கேவலமாக ஒன்று தோன்றியது. குழவியைப் பிடுங்கிக் கொண்டுவந்து உங்கள் பக்கம் நட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு கையாலும் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். கொஞ்சம் அசைந்தது. அப்போதுதான் அந்த மூன்று கல் அம்மாவைப் பற்றி நம் நோட்டில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. பெயர் நமக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவருக்கு அம்மா. குழவி இடம் மாறினால் உங்கள் அம்மாவும் தொலைவார், அந்த அம்மாவும் தொலைவார். கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வேலையை ஆரம்பித்தேன். உங்கள் அம்மா, வாசலையும் மரத்தையும் சேர்க்கும் நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் பதினொரு எட்டு. நீங்கள் இடது பக்கம் பதினொரு எட்டு. ஆக இருபத்திரண்டு. அமாவாசைக்கு அமாவாசை தனியாகப் போய், அந்த நேர்கோட்டில் மட்டும் முள்ளை வெட்டி வேரை எடுத்தேன். வயதாகிவிட்டது, ஒரு நாளைக்கு இரண்டு எட்டு தேறினால் அதிகம். அந்த ஆடு மேய்க்கும் அம்மா, "எங்கய்யா உன் கூட்டாளி?" என்று கேட்டார். மேட்டைக் காட்டினேன்.

இன்று காலை உங்கள் மகன் வந்தான். பாட்டிக்கும் உங்களுக்கும் பெயர் எழுதிக் கல் வைக்க வேண்டுமாம், படம் வேண்டுமாம். இதற்குமேல் ஒளிக்க முடியாது. குழாயிலிருந்து பழைய படத்தை எடுத்து விரித்தேன். பக்கத்தில், நான் திருத்திப் போட்ட புதுப் படத்தை விரித்தேன். சொல்லிவிட்டேன் பாய். சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் பழைய படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தான். சிவப்புக் கட்டம் வலது பக்கம் தெரிந்தது.

"மாமா, கீழ படுத்துக்கினு மேல பாத்தா உங்க படம் கரெக்டா தான் இருக்குது" என்றான். படத்தை மெதுவாகச் சுருட்டினான். "அடக்கம் பண்ணவங்கள எடுக்கக் கூடாது மாமா. அத்தா அங்கயே இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு யாரு வந்தாங்க இத்தினி வருசமா? அத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தா உங்களப் பாத்து சிரிச்சிருப்பாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

மதியம் இருவருமாகப் போனோம். மிச்சம் நாலு எட்டு இருந்தது. அவன் அரிவாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். மூன்று கல் அம்மாவுக்கும் அவன் ஒரு பலகை வைக்கப் போகிறான். நீங்கள் எழுதச் சொன்ன அதே வரியோடு. கடைசி வேரையும் எடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தான். அவனுக்கு யார் சொன்னார்களோ.

இப்போதெல்லாம் கோடு போடுவதற்கு முன் வலது கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அத்தர் பஞ்சைப் புதுப் படத்தோடு சேர்த்துக் குழாயில் போட்டு மூடிவிட்டேன்.

கிளம்பும் முன் உங்கள் மேட்டுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். உங்கள் உயரத்திலிருந்து குழவி நன்றாகத் தெரிகிறது. இருபத்திரண்டு எட்டு. நடுவில் ஒரு முள்ளும் இல்லை, பாய்.