யாரும் பிரித்துப் பார்க்காத வலை

குருசுக்குப்பம், புதுச்சேரி
24-2-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

தனம் எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு நலம், வாய் அதைவிட நலம். அப்பாதான் பேச்சைக் குறைத்துவிட்டார். நீ கடலூர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறாய் என்று அங்கே போய்வரும் தையல்நாயகி அத்தை சொல்லித்தான் முகவரி கிடைத்தது. எனக்கு ஒரு வரி போடக் கூடாதா?

பஞ்சாயத்தில் நீ பாதியிலேயே எழுந்து போய்விட்டதால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மாசி மகத்தன்று ஊரே கரையில் நின்று சாமி பார்த்தது. நீ மட்டும் தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தாய். அன்றைக்குத்தான் கோவிந்தராசு மாமா கடலில் விட்டு வைத்திருந்த வலை கிழிந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நீ அவரிடம், "உன் வலை முழுசா கரைக்கு வருதான்னு பாக்கிறேன்" என்று கத்தியிருந்தாய். அதுவே போதும் என்றார்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னபோது, "செய்யாததுக்கு எதுக்குச் சத்தியம்?" என்று நீ துண்டை உதறிக்கொண்டு போனாய். "பயந்துட்டான். அப்போ அவன்தான் அறுத்திருக்கான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் நீ வந்து சத்தியம் செய்யாவிட்டால் நம் வீட்டை ஊர் விலக்கு வைப்பார்களாம். அப்பாவின் கட்டுமரத்தைத் தள்ளிவிட ஒரு கை வராது. நம் வீட்டு மீனை யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள்.

வழக்கில் இருக்கும் வலையை, ஊர் முறைப்படி, சுருட்டியது சுருட்டியபடி மாரியம்மன் வாசலில் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

பள்ளிக்கூடச் சேதியும் கேள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த இங்கிலீசு முதலில் எனக்குக் கசந்தது. இப்போது இல்லை. நாம் கண்ணால் பார்க்காத, நடந்து முடிந்த காரியத்தை ஊகித்துச் சொல்ல இங்கிலீசில் படிப்படியாக வழி இருக்கிறது என்று கமலா டீச்சர் நடத்தினார். 'மைட் ஹேவ்' என்றால் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். 'மஸ்ட் ஹேவ்' என்றால் செய்திருக்கத்தான் வேண்டும். அப்படிச் சொல்ல நம் கையில் ஏதாவது தடயம் வேண்டும். 'கான்ட் ஹேவ்' என்றால் செய்திருக்கவே முடியாது. காரியம் என்றைக்கோ முடிந்துவிட்டது, நம் சந்தேகம் மட்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே வினைக்குள் கட்டிவிடுகிறார்கள்!

பக்கத்தில் உட்காரும் அஞ்சலாட்சி என் காதில், "வம்பு பேசறதுக்குக்கூட வெள்ளைக்காரன் இலக்கணம் வச்சிருக்கான் பாருடி" என்றாள். இரண்டு பேரும் பெஞ்சு மேல் நின்றோம்.

நம் ஊரில் எல்லார் வாயிலும் 'மஸ்ட் ஹேவ்'தான் அண்ணா. கையில் ஒரு தடயமும் இல்லை.

உன் தங்கை
தனம்


கடலூர் துறைமுகம்
4-3-1957

தனத்துக்கு,

கடுதாசி வந்துது. நான் நல்லா இருக்கேன். நீ இங்கிலீசு படி, வேணாங்கலை. ஆனா அதை வச்சு என்னை ஊருக்கு இழுக்காதே.

நான் அறுக்கலை. இது உனக்குத்தான், ஊருக்கு இல்லை. பல்லு முளைச்ச நாள்லேர்ந்து அவங்களோட கடல்ல கெடந்தவன். கோவிந்தராசு மாமா கட்டுமரம் கவுந்தப்போ அவர் முடியைப் பிடிச்சுத் தூக்கினது இந்தக் கைதான். இந்தக் கையை நம்பாதவங்க, அது கற்பூரத்தை அணைச்சா மட்டும் நம்பிடுவாங்களா?

அப்பா அன்னைக்கு வாயே திறக்கலை. ஊரு சொன்னதுகூடப் பரவாயில்லை தனம்.

அவங்களா வந்து கூப்பிடட்டும். இல்லைன்னா இங்கயே கெடக்கிறேன். அம்மாகிட்ட கொஞ்சம் கருவாடு குடுத்தனுப்பச் சொல்லு. இங்க கொழம்புல மீன் இருக்காம். நான் இன்னும் பாக்கலை.

குமாரவேல்


குருசுக்குப்பம்
14-3-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல்நாயகி அத்தையிடம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறோம். சுறா கொஞ்சம், வாளை கொஞ்சம். அம்மா கட்டும்போது உன்னைத் திட்டிக்கொண்டே கட்டினாள். நிறையத் திட்டினாள், நிறையக் கட்டினாள்.

இப்போது முக்கியமான விஷயம். பூனைகள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். மாரியம்மன் வாசலில் அந்த வலையைச் சுற்றி ஊர்ப் பூனை அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது. பூசாரி சாமிக்கண்ணு விளக்குமாற்றை எடுத்து விரட்டிக்கொண்டு, "சாம்பிராணி அம்மனுக்குப் போடறேனா, இந்த நாத்தத்துக்குப் போடறேனான்னே தெரியலை" என்று புலம்புகிறார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. ஈர நூல் மக்கினால் வரும் வாடை எனக்குத் தெரியாதா? அதற்குப் பூனை வராது. கத்தியால் அறுத்துப் போட்ட வலைக்குள் அழுக என்ன இருக்கிறது? உள்ளே ஏதோ மாட்டியிருக்கத்தான் வேண்டும்! இது வெறும் வாய்ப்பேச்சு 'மஸ்ட் ஹேவ்' இல்லை அண்ணா. இதற்குப் பூனைகள் சாட்சி.

கோவிந்தராசு மாமாவின் மனைவி சின்னப்பொண்ணு அத்தையைக் கிணற்றடியில் பிடித்தேன். "வலையை உதறும்போது ஒண்ணும் விழலையா அத்தை?" என்று கேட்டேன்.

"எங்கடி உதறினாரு? ராத்திரி மேகம் மூடின இருட்டுல இழுத்தாரு, கிழிசல் கையில பட்டுது, 'குமாரவேலு வேலைதான்'னு அப்படியே சுருட்டித் தூக்கிட்டு வந்துட்டாரு."

வலையை உதறாத மீன்காரரை நீ பார்த்திருக்கிறாயா? அவர் கோபத்தில் பார்க்கவில்லை. ஊரார் முறையைச் சொல்லிப் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் எதிரே பஞ்சாயத்து கூடுகிறது. பெண்கள் பின்னால் நிற்கலாம், பேசக் கூடாது. "நிக்க விட்டாங்கன்னா போதும். வாய் தானா திறந்துக்கும்" என்கிறாள் அம்மா.

தனம்


குருசுக்குப்பம்
18-3-1957

என் அருமை அண்ணா!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னித்துவிடு. முதலிலிருந்து சொல்கிறேன்.

பாவாடை நாட்டாமை வழக்கை எடுத்ததுமே பின்னாலிருந்து அம்மா, "அந்த வலைக்குள்ள என்ன இருக்குன்னு பூனைக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியலையா?" என்றாள்.

"செல்வாம்பா, பொம்பளை பேசற எடமா இது?" என்றார் நாட்டாமை.

"பேசலை நாட்டாமை. கேக்கிறேன்!"

சிரிப்பு கிளம்பியது. ஆனால் நாட்டாமை, "தீர்ப்புக்கு முன்னாடி வலையைத் தொட்டா அபராதம். அது நம்ம முறை" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

அப்போது அப்பா எழுந்தார்.

நம் அப்பா! "அபராதத்தை என் தலையில போடு. என் புள்ளை அறுத்திருந்தா நாங்களே ஊரை விட்டுப் போறோம். இன்னைக்கு நான் பிரிச்சுத்தான் பாப்பேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்துபோய், மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வலையின் ஒரு முனையைப் பிடித்து உதறினார். முதலில் பூனைகள் ஓடின. அப்புறம் மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அப்பா விடவில்லை. மடிப்பு மடிப்பாகப் பிரித்தார்.

நடுமடிப்பில் இருந்தது அண்ணா, வேளா மீனின் மூக்குக் கொம்பு! முழங்கை நீளத்துக்கு முறிந்த துண்டு. இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரிப் பல். அடியில் அழுகிய சதை. சிக்கிக்கொண்டு திமிறி, வலையைக் கிழித்து, கொம்பை முறித்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஓடினவர்கள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு நாட்டாமைதான், "வேளா மீனுக்கு யார்றா கற்பூரம் எடுத்துக்கிட்டுப் போறீங்க?" என்றார். சிரிப்பில் கரையே அதிர்ந்தது. "இது வேளா கிழிச்ச கிழிசல்தானே, ஒரு பார்வைக்கே தெரியுதே" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒரு பார்வை பார்த்த பிறகு சொன்னார்கள்!

கோவிந்தராசு மாமா மக்கிப்போன வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நானே போயி கூப்பிடறேன். வரமாட்டேன்னா அவன் வாசல்லயே கெடக்கிறேன்" என்றார். ஊர் அவர் கையில் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொடுத்திருக்கிறது. அபராதமும் அப்பாவுக்கு இல்லை.

இனி நீ அறுத்திருக்க முடியாது என்று யாரும் ஊகிக்க வேண்டாம். நீ அறுக்கவில்லை. அவ்வளவுதான். எவ்வளவு சின்ன வாக்கியம்!

வா அண்ணா.

தனம்


கடலூர் துறைமுகம்
21-3-1957

தனம்,

பஸ்ஸுல வர்ற ஆள் கையில அவசரமா குடுத்தனுப்பறேன். நாங்க வந்து சேர்றதுக்குள்ள இது உன் கையில இருக்கும்.

நேத்து கட்டுமரம் ஒண்ணு கரை தட்டிச்சு. கோவிந்தராசு மாமா எறங்கினாரு, கையில தட்டு. எங்கூட மூட்டை தூக்கறவன், "யாருக்குடா நிச்சயதார்த்தம்?"னு கேக்கிறான். மாமா தட்டை நீட்டினாரு. "மாமா, வலையை இனிமே உதறிப் பழகுங்க"ன்னேன். சிரிச்சாரு, அப்புறம் அழுதுட்டாரு. தட்டை வாங்கிக்கிட்டேன்.

அவருக்குப் பின்னாடி அப்பா நின்னாரு. வர்றாருன்னு நீ எழுதவே இல்லையே! நேரா நான் தங்கியிருக்கிற கொட்டாய்க்குள்ள போனாரு, என் துணிமூட்டையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டாரு. குடுங்கன்னு கேட்டேன், குடுக்கலை.

நாளைக்குக் காலையில கெளம்பறோம். தெக்கேர்ந்து வீசற சோழகக் காத்து நல்லா எழும்பியிருக்கு, தள்ளிக்கிட்டு வந்துடும். அம்மாவைக் கூட்டிக்கிட்டு கரைக்கு வந்து நில்லு. நாட்டாமை, பூசாரி எல்லாரும் வரட்டும். ஊரே பாக்கற மாதிரி நடுப்பகல்ல வந்து ஏறுவோம்.

தூரத்துலேர்ந்து தேடாதே, இப்பவே சொல்லிடறேன். பாயைப் பிடிச்சிருக்கிறவன் நான்தான்.

உன் அண்ணன்
குமாரவேல்