யாருடைய ஆடு

1934 அக்டோபர் 1, திங்கள்

காலையிலிருந்து முறைக்காய்ச்சல்காரர்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்புக் கொய்னா பாட்டிலின் அடி தெரிகிறது. மருந்து கேட்டு மிஷனுக்கு எழுதி ஒரு மாதம் ஆயிற்று. இன்று சுமையாள் மலையேறிக் கொண்டுவந்த பெட்டியில் மருந்து இல்லை. சந்தோஷமாயிருக்கச் சொல்லும் வேத வசன அட்டைகள் ஒரு கட்டு. பூப்படம் போட்டு.

சாயங்காலம் கீழ்நாட்டு வியாபாரி வந்தான். மிளகு கொடியில் இன்னும் பிஞ்சு. அதற்குள் உப்பையும் துணியையும் கொடுத்து விலை பேசிவிட்டுப் போகிறான். கேட்டால், "நீ மருந்தைக் கலக்குய்யா கம்பவுண்டர்" என்கிறான்.

இந்தத் தேவனூர் நாட்டில் யார் எதற்குச் சந்தோஷப்படுவது?

அக்டோபர் 3, புதன்

ஜெபக்கூட்டம். நான்கு வீட்டுக்காரர்கள், நான், போதகர் அருமைநாயகம். ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் அந்த வாரத்துச் சந்தோஷம் ஒன்றைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். போதகர் ஏற்படுத்திய வழக்கம். பெரிய காரியம் வேண்டாமாம், அடுப்படிக் காரியம் போதுமாம். போன வாரம் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததற்குச் சொன்னார். என் முறை வந்தால் "ஒன்றும் இல்லை" என்பேன்.

எப்போதும் முதலில் எழுந்திருப்பவள் பாப்பாயி. ஞானஸ்நானம் பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் குழந்தைசாமி வரமாட்டான். இவளைத் தடுக்கவும் மாட்டான்.

"நேத்து ராத்திரி சிறுத்தை எங்க பட்டி வரைக்கும் வந்துச்சுங்க. தட்டியைப் பிறாண்டிப் பாத்துட்டுப் போயிருச்சுங்க. ஆடு அஞ்சும் அப்படியே நிக்குது. ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. சொல்லிவிட்டேன்: "இங்கிருந்து போய் ஓடைக்கு அந்தப் பக்கம் பாவாயியோட பால் ஆட்டைத் தின்னுச்சே, அதுக்கும் சேத்து ஸ்தோத்திரம் சொல்லு."

பாப்பாயி நின்றபடியே, "அது எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்ல ஒருவனாவது வேண்டாமா?

அக்டோபர் 4

அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நேற்றுக் காலையில் பாவாயியின் புருஷன் விரலுக்குக் கட்டுப்போட வந்தபோது சொன்னது. அதை மடியில் கட்டி வைத்திருந்து, அவள் சிரிக்கிற நேரம் பார்த்து எடுத்து வீசியிருக்கிறேன்.

உண்மையாம்!

அக்டோபர் 10, புதன்

பாப்பாயி எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும். போதகர் நேராக ஜெபத்துக்குப் போய்விட்டார். கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

எனக்கு வேண்டியது இதுதானே?

அக்டோபர் 16, செவ்வாய்

பேச்சு ஓடையைத் தாண்டிவிட்டது. தாண்டும்போது வேறாகிவிட்டது. பாவாயியின் ஆடு செத்ததற்காக வேதக்காரி பாப்பாயி தன் சாமிக்கு ஸ்தோத்திரம் சொன்னாளாம்.

இங்கே அறுப்பு மாத்தாளில் நடக்கிறது. இன்று என் காட்டுக்கு நீ, நாளை உன் காட்டுக்கு நான். கூலி கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்களைக் கூட்டிவருபவள் பாவாயி. இந்த வருஷம் பாப்பாயி காட்டுக்கு ஆள் வராது என்று சொல்லியனுப்பிவிட்டாள். சாமை முற்றி நிற்கிறது. மழை பிடித்தால் மணி உதிர்ந்து மண்ணோடு போகும். குழந்தைசாமி காய்ச்சலில் கிடக்கிறான். வருஷத்துக்கும் அவர்களுக்குச் சோறு அந்தக் காடுதான். பாப்பாயி ஒருத்தியாக அறுக்கிறாள்.

அக்டோபர் 18, வியாழன்

தாசில்தாருக்கு மனு எழுதினேன். மதத்தின் பேரால் ஏழைக் குடியானவளுக்கு ஊர்விலக்கு, மூடத்தனம், அநியாயம் — நன்றாகத்தான் வந்திருந்தது. எழுத எழுத உடம்பு சூடாயிற்று. பல நாளாக இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கைநாட்டு வாங்கக் காட்டுக்கே போனேன். பாப்பாயி அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"இதுல நீங்க சொன்னது எங்கீங்க வருது?"

குத்தலாகக் கேட்கவில்லை. எழுதும்போது விட்டுப்போயிற்றோ என்றுதான் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். கூட்டத்தில் ஏன் எழுந்திருப்பதில்லை என்றேன். கேட்பது யார் பார்!

"பயமா இருக்குதுங்க. எதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் தொறந்தாலும், இது யாரு ஆடோன்னு தோணுதுங்க. காத்து நல்லா அடிச்சாக்கூட."

மறுபடி குனிந்து அறுக்க ஆரம்பித்தாள்.

சே. என்ன மனுசன்டா நீ. அவகிட்ட இருந்தது அந்தச் சிரிப்பு ஒண்ணுதான். வியாபாரி எடுக்காம விட்டது, காய்ச்சல் எடுக்காம விட்டது. அதையும் நீ புடுங்கிட்ட. புடுங்கிட்டு என்ன குடுத்த?

மனுவைக் கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 19

பாவாயியிடம் போக வேண்டும். போகவில்லை. நோயாளிகள் அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்தது மூன்று பேர்.

அக்டோபர் 20

மழை.

அக்டோபர் 22, திங்கள்

போனேன். பாவாயி மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன். "எதுனாலும் இங்கயே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஆடு போனதே அன்றைக்குப் பாப்பாயிக்குத் தெரியாது, அந்தப் பேச்சு என் வாயில் வந்தது என்று.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஏஞ்சாமி, அப்ப அவ காட்டுல மழை பெய்யிற வரைக்கும் வாய்க்குள்ள கொய்னாவா வெச்சிருந்தீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. மன்னிக்கச் சொன்னேன்.

"அதெல்லாம் உங்க கூட்டத்துல வெச்சுக்கங்க. நாளைக்கு எங் காட்டுல அறுப்பு. வந்து ஒரு ஆளா நில்லுங்க. அதுக்கு மாத்தா மறுநா நான் ஆளோட பாப்பாயி காட்டுக்கு வாரேன். உங்க ஒருத்தருக்கு நாலு ஆள் எனக்கு நட்டந்தான். போகுது."

அரிவாள் பிடித்துப் பழக்கமில்லை என்றேன்.

"வாயை ஊட்டுல உட்டுட்டு, கையை மட்டும் கூட்டியாங்க."

அக்டோபர் 23

கை முழுக்கக் கீறல், பேனா நிற்கவில்லை. நான் பேன் பார்ப்பதுபோல அறுக்கிறேனாம், பாவாயி சொல்கிறாள்.

அக்டோபர் 24, புதன்

பாவாயி சொன்னபடி வந்தாள். வந்ததும் கேட்டாள்: "என்னடி பாப்பாயி, உங்க சாமி சிறுத்தைக்கு எங்க ஊட்டுக்கு வழி காட்டிட்டாரா?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன் அக்கா." பாப்பாயி அழுதுவிட்டாள்.

"சரி சரி. ஏற்கெனவே மழை. நீயும் ஊத்தாத, சாமை முளைச்சிரும். குனி."

பாதி உதிர்ந்துபோயிருக்கிறது. தாளைப் பிடித்துத் தூக்கினால் கீழே சேற்றில் மணி. ஒவ்வொரு பிடிக்கும் பார்த்தேன். பாவாயியின் ஆடு ஏன் போயிற்று என்பதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. இந்த மணி ஏன் போயிற்று என்று தெரியும்.

சேற்றுக் காலோடு கூட்டத்துக்குப் போனோம். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. "பாவாயி என்னை எல்லார் முன்னாலும் கேலி பண்ணினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கே சிரிப்பு வந்துது. நேத்து அவங்க காட்டுல சாமைக் கஞ்சி ஊத்தினாங்க. ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சேன்." உட்கார்ந்துவிட்டேன்.

"முடிக்காம உக்காந்துட்டீங்களே" என்றாள் பாப்பாயி.

"என்ன முடிக்கணும்?"

"ஸ்தோத்திரம் சொல்லோணுமுங்க."

சொன்னேன். இந்த மலைக்கு வந்து முதல்முறை. அந்தக் கஞ்சியில் கடவுள் இருந்தார் என்று இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனால் குடிக்கும்போது அப்படித்தான் இருந்தது. அவளுடைய சாமை சேற்றில் கிடக்க, எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 26, வெள்ளி

குழந்தைசாமிக்கு மருந்து வாங்கப் பாப்பாயி வந்தாள். திங்கட்கிழமை ஓடைக்கு அந்தப் பக்கம் பெருமாயி என்பவள் காட்டில் அறுப்பாம். பாவாயி என்னையும் ஆளில் சேர்த்துவிட்டாளாம். "காச்சக்காரங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க, மருந்தையும் அங்கயே கொண்டாந்துரச் சொன்னாங்க."

போகப் போனவள் வாசலில் நின்றாள்.

"நம்ம காட்டுல உதிர்ந்து கெடக்குதுங்களே, அதுல குருவி வந்து எறங்கியிருக்குதுங்க. கூட்டங் கூட்டமா. குஞ்சுகளைக்கூடக் கூட்டியாந்து மேயுது. பாக்க அத்தனை நல்லாருக்குதுங்க." கொஞ்சம் தயங்கி என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்குச் சொல்லலாமுங்களா?"

என்னிடம் கேட்கிறாள்.

"சொல்லுங்க" என்றேன்.

சொன்னாள். சிரித்தாள். மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமைக்கு ஓர் அரிவாள் இரவல் கேட்க வேண்டும்.