மரத்தடியில் இருபத்துமூன்று

ஏப்ரல் 8
எழுந்ததும் முதல் வேலையாகக் காலணியின் அடியில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினேன். நேற்று நூலகப் பின்முற்றத்தில் ஒட்டியது. அங்கே புதுக் கட்டடம் வருகிறது. மண் பரிசோதனை எங்கள் ஆய்வகத்துக்கு. மரத்தடியில் விரல் உயர மண் குழல்கள், இருபத்துமூன்று. பார்த்ததுமே தெரிந்தது, கறையான். ‘பதினேழாம் தேதிக்குள் மருந்து ஊற்றவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருட வேலை. குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏது?

ஏப்ரல் 10
மாதிரிக்காக ஒரு குழலின் தலையை உடைத்து எடுத்துவந்தேன்.

ஏப்ரல் 11
உடைத்தது இன்று முழுசாக நிற்கிறது! மேல்மண் சிவப்பு, காய்ந்த பொடி. குழலோ ஈரச் சாம்பல் களிமண். அது முழங்கால் ஆழத்துக்குக் கீழே கிடப்பது, என் பதிவிலேயே இருக்கிறது. மறுபடி உடைத்து டார்ச் அடித்தேன். ஒரே துளை, நேர் கீழே. உள்சுவர் பூசினாற்போல் வழவழப்பு. கறையான் இப்படியா கட்டும்?

ஏப்ரல் 12
காலை ஏழிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிவாக்கில் துளையில் ஒரு மண் உருண்டை மேலே வந்தது. பின்னாலேயே நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு முன்கால்கள், கூன் முதுகு, முட்டைக் கண். உருண்டையை ஓரத்தில் வைத்து, நெற்றியால் அழுத்தி, அடுத்ததுக்கு இறங்கிப் போனது.

சில்வண்டு! இறகு முளைக்காத சில்வண்டு. எத்தனை வருடம் வேர்ச்சாறு குடித்துக் கிடந்ததோ.

கூட்டுகிற அக்கா வந்து நின்றார். “என்னம்மா, மண்ணைப் பாத்துச் சிரிக்கிறீங்க? ஏதாச்சும் புடிச்சிருச்சா?”

“மேஸ்திரி வேலை நடக்குதுக்கா. குழைக்கிற தண்ணியும் அதோடதுதான்.”

“அதோடதுன்னா... ச்சீ!” என்றார். ஆனால் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் செய்யாததை.

ஏப்ரல் 14
மேலாளரிடம் சொன்னேன். சிரித்தார். “இத்தனை வருஷத்துல நீங்க ஒரு அறிக்கையையும் வாபஸ் வாங்கினதில்ல மேடம். பூச்சிக்காகவா வாங்கப் போறீங்க? அடுத்த மாசம் என் நாற்காலிக்கு உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். குட்டையைக் குழப்பாதீங்க.”

வீட்டுக்காரர்: “கறையானோ வண்டோ, உன்ன யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கமாட்டார்கள்தான். அதுதான் உறுத்துகிறது — தப்பு பண்ணினது நான், சாகப்போறது அதுங்க. என்ன நியாயம் இது?

ஏப்ரல் 16
ஐந்து குழல்களின் தலை திறந்திருக்கிறது. மரப்பட்டையில் முதுகு பிளந்த ஐந்து வெற்றுத் தோல்கள். இன்னும் பதினெட்டு உள்ளே. மூன்று வாரம் போதும், தாமாகப் போய்விடும்.

நாளை ஒன்பதுக்கு மருந்துக்காரர்கள் வருகிறார்கள். எட்டரைக்கு நான் நூலகர் அறையில் இருப்பேன். கடிதம் பையில் இருக்கிறது: அறிக்கை தவறு, தவறு என்னுடையது, திரும்பப் பெறுகிறேன். நாற்காலி போனால் போகட்டும், வேலை தெரிந்தவள் நான். மேலாளருக்கான நகலை நாளை கொடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு தரம் எட்டிப் பார்த்து, “என்ன, முகம் தெளிஞ்சிருக்கு?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.