படத்தில் வந்த முழங்கை

ரோசலின் அப்பாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பவுடர் போட்டு, பூ வைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ராக் கித்தார் மன்னன் வில்லியமின் வாழ்க்கை ஆவணப்படத்தில், அவர் குழுவில் வாசிக்கும் நீங்களும் வருவதாக எழுதியிருந்தீர்களே! பாகான் டாலாம் ஊரில் பாதிப் பேர் நம் வீட்டில்தான்.

உங்கள் முழங்கை மட்டும் வந்தது. நான் தைத்த சட்டை என்பதால் தெரிந்தது. கூட வாசித்தவர்களில் டிரம் அடிப்பவரை மட்டும் வில்லியம் பேர் சொல்லிப் புகழ்ந்தார்.

“அம்மா, இதுல யாரு நம்ம அப்பா?” என்றாள் மகள். நீங்கள் போனபோது அவள் தொட்டிலில் கிடந்தவள்தானே. டிரம் அடிப்பவரைக் காட்டினேன். நல்ல முகவெட்டு.

“அப்பா ஹென்சம் லா!” என்று குதித்தாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கிறிஸ்மஸுக்குத் திரும்பி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பிள்ளை குழம்பிப்போவாள்.

நீங்கள் விட்டுப்போன கித்தாரால் இன்று காலை ஒரு பல்லியை அடித்தேன். கித்தார் உடைந்துவிட்டது. பல்லி நலம்.

இப்படிக்கு,
அவள் அம்மா