திங்கள் மத்தியானம் வரை

ஸ்ரௌவ்வில்
08.06.2025

அன்புள்ள ஜனாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், விவாகரத்துப் பத்திரத்தைக் கேட்டு அல்ல. அது கையெழுத்தில்லாமல் உங்கள் மேசையில் கிடப்பது எனக்குத் தெரியும்.

ஓகஸ்டில் நானும் என்னோடு வேலை செய்யும் மெலிசாவும் வடக்கே யூக்கோன் மலைக்குப் போகிறோம். நடைபாதையே இல்லாத இடம். ஓர் ஆற்றோரமாக ஏறி, இரண்டு கணவாய்களைத் தாண்டி, இன்னோர் ஆற்றைக் கடந்து ஹைவேக்கு இறங்க வேண்டும். பனிக்காலம் முழுவதும் இருந்து வரைபடத்தில் வழியை நானே கீறினேன். சொல்லப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்படிப் போகிறவர்கள் ஒருவரிடம் அந்த மாப்பைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். குறித்த நேரத்துக்குள் நாங்கள் அறிவிக்காவிட்டால் அவர் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருப்பீர்களா? மாப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓகஸ்ட் 18, திங்கள் மத்தியானம், ரொறன்ரோ நேரம் பன்னிரண்டு மணி. அதற்கு முன் அழைக்கக் கூடாது.

நிலாணி

ரெக்ஸ்டேல்
15.06.2025

நிலாணிக்கு,

மாப் கிடைத்தது. உமக்கு வேறு ஆளே அகப்படவில்லையா? என் பயத்தில் உமக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லித்தானே போனீர்?

அதுசரி, இரண்டாவது ஆற்றைப் பின்னேரத்திலா கடக்கப் போகிறீர்? வெயிலில் பனி உருகித் தண்ணீர் ஏறாதா? கரடி வேறு.

ஜனார்த்தன்

ஸ்ரௌவ்வில்
22.06.2025

அன்புள்ள ஜனாவுக்கு,

மாப்பைத் திருப்பிப் பாருங்கள். ஆற்றை விடியற்காலையில் கடப்பதாக எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் பார்த்தது சந்தோஷம்.

வேறு யாரிடம் கொடுப்பேன்? அண்ணை மறந்துபோவார். அம்மா முதல்நாளே ஸ்காபரோ முழுக்கச் சொல்லிவிடுவா. நீங்கள் மறக்க மாட்டீர்கள், முந்திவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. என் பஸ் பிந்திய ஒரு நாளில் நீங்கள் கூப்பிட்ட பொலிஸ் வீட்டு வாசலில் நின்றதே! செய்தி அனுப்பச் செய்மதிக் கருவி கொண்டுபோகிறேன். அது இடையில் செத்துப்போனாலும் திங்கள் மத்தியானம் வரை என்னை நம்புங்கள்.

நிலாணி

ரெக்ஸ்டேல்
19.08.2025

அன்புள்ள நிலாணிக்கு,

நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு முன்பே உமது அழைப்பு வந்துவிட்டது. உமது குரலைக் கேட்டவுடன் போனை வைத்ததற்குக் கோபிக்க வேண்டாம்.

சனிக்கிழமையோடு உமது செய்திகள் நின்றுவிட்டன. ஞாயிறு உமது அம்மா அழுதுகொண்டு வந்தா. "தம்பி, மீட்புக் குழுவுக்கு உடன போன் அடியுங்கோ" என்றா. "மாமி, நாளைக்கு மத்தியானம் மட்டும் பொறுங்கோ. அவ சொன்னா வருவா" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பிறகு மாமி சொன்னா, ஆறு பெருகி, தண்ணீர் வடியும்வரை நீர் ஒரு நாள் கரையில் காத்திருந்தீராம். அவசரப்படாமல் இருந்தீரே, அதுதான் கெட்டித்தனம். இன்று வேலையில் அருள்நாயகம் அண்ணை, "ஆர் வழிகாட்டினது?" என்று கேட்டார். "வழிகாட்டியோ? வழியே இல்லாத மலை, அண்ணை. இவதான் கீறினவ" என்றேன். மாப்பை விரித்து எல்லாருக்கும் காட்டினேன்.

கையெழுத்து வைத்தால் நீர் ஒரேயடியாகக் காணாமல் போய்விடுவீர் என்ற பயத்தில்தான் அந்தப் பத்திரத்தை வைத்திருந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

மாப்பைத் திருப்பித் தர மாட்டேன். அடுத்த மலைக்கும் வேறு ஆளைத் தேட வேண்டாம். நேரத்தை மட்டும் குறித்து அனுப்பும். அதுவரை பொறுத்திருப்பேன்.

ஜனார்த்தன்