ஆணியில் தொங்கிய குவளை

உன் குறிப்பேட்டில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது. உன் தங்கை அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகு ஏறி இந்தத் தீவுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். "அக்காவோட அலமாரில இருந்துச்சு. மேல உங்க பேரு போட்டிருக்கு லா" என்றாள். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. குறிப்பேடு மூன்று நாளாக மேசைமேல் கிடக்கிறது, நான் திறக்கவில்லை. செத்த பிறகும் ஒருத்தி என் பேரைப் போட்டு எதையோ விட்டுப் போகிறாள் என்றால் சும்மாவா இருக்கும்?

அந்தக் குறிப்பேட்டின்மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் மானுடவியல் முதலாண்டு. ஒரு வீட்டில் யார் யாருக்கு எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்கப் பார்த்து எழுதச் சொன்னார் விரிவுரையாளர். நீ இதே தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்த எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தாய். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா குடும்பம். உன் தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாளாகக் கப்பலேறி வந்தவர். "ஆதிமனுஷன் ஆப்பிரிக்காவுல இருந்து ரெண்டு கால்லதான் நடந்து கிளம்புனான். எல்லாரும் ஒரே கூட்டம். நீங்க வழியில யாழ்ப்பாணத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டீங்க, அவ்வளவுதான் லா" என்று கேலி செய்வாய். நான் சிரிப்பேன். ஆனால் என் கண் உன் பேனாவின் மேலேயே இருக்கும்.

சனிக்கிழமை தவறாமல் வருவாய். "வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ" என்று அம்மா வாய் நிறைய அழைப்பாள். எங்களுக்குப் பீங்கான் கோப்பை. உனக்கு மட்டும் விளிம்பு பெயர்ந்த எனாமல் குவளை. அது அலமாரியில் மற்றக் கோப்பைகளோடு இருக்காது; பின்வாசல் பக்கம் ஓர் ஆணியில் தனியாகத் தொங்கும். ஒருமுறை அம்மாவிடம் ஏனென்று கேட்டேன். "அந்தப் பிள்ளை நிறையக் குடிக்குமெல்லோ. இதில என்ன கிடக்கு?" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே நீ சொன்னாய்: "பண்பாடுன்னா என்னன்னு ஈசியா கண்டுபிடிக்கலாம். எதக் கேட்டா வீட்டுக்காரங்க 'இதுல என்ன இருக்கு'ன்னு சொல்றாங்களோ, அதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒட்டுக் கேட்டாயா? தெரிந்துதான் சொன்னாயா? உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து உன் ஒவ்வொரு சிரிப்பையும் நிறுத்துப் பார்த்தேன். கட்டுரைக்கு வகுப்பிலேயே நீதான் முதல். "கடைசில எங்க மாமா வீட்ட பத்தி மாத்தி எழுதிட்டேன்" என்றாய். நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுச் சாதிப் புத்தியை எழுதிச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய் என்றே நினைத்தேன். பிறகு உன்னை வீட்டுக்கு அழைப்பதை மெல்ல விட்டேன். எப்போதும் தேநீர்க் கடையில்தான் சந்தித்தோம். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்று காலை திறந்தேன். எல்லாம் தமிழில் இருக்கிறது, விரிவுரையாளர் கைக்குப் போக எழுதியதல்ல. எங்கள் குடும்பத்தை வகுப்பில் படித்த குறிகளால் வரைந்திருக்கிறாய்: அப்பாவுக்கு முக்கோணம், அம்மாவுக்கும் எனக்கும் வட்டம். கீழே, "பீங்கான் கோப்பை ஆறு. எனாமல் குவளை ஒன்று, எனக்கு. முதல் நாளிலிருந்து." அதற்கும் கீழே இன்னொரு வரி: "குவளையைக் கழுவித் திரும்ப ஆணியில் மாட்டுபவள் மகள்."

நீ அம்மாவைத்தான் கவனித்து எழுதினாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தில், "இதை ஒப்படைக்கப் போவதில்லை. அவளுக்குத் தெரியும். அவளே ஒருநாள் சொல்வாள்" என்று முடித்திருக்கிறாய்.

அம்மா போன பிறகு கோப்பைகளை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். குவளையை மட்டும் ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். இப்போது அதில் தேநீர் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்ந்த விளிம்பு உதட்டில் கீறுகிறது. உனக்கும் கீறியிருக்கும். எனக்குத் தெரியும். முதல் சனிக்கிழமையே தெரியும்.